பொதிகை அடிவாரத்திலிருந்து புன்னைக்காயல் வரை: ஆற்றோரம் ஒரு புவியியல் வகுப்பு

பள்ளிப் புவியியலை ஐந்து அடிப்படைக் கருத்துகளின் வழியே கற்பிக்கும் முறை 1984இல் அமெரிக்காவில் உருவானது. அந்நாட்டின் புவியியல் கல்வி மன்றமும் புவியியலாளர் சங்கமும் கூட்டாக வெளியிட்ட வழிகாட்டியில் அமைவிடம், இடத்தின் இயல்பு, மனிதருக்கும் சூழலுக்குமான உறவு, நகர்வு, வட்டாரம் என அவை வரிசைப்படுத்தப்பட்டன. 1994இல் அங்கே 18 தரநிலைகள் கொண்ட விரிவான ஏற்பாடு வந்துவிட்டது. ஆனாலும் புவியியலைத் தொடங்கிவைக்க இந்த ஐந்தும் இன்றைக்கும் கைகொடுக்கின்றன. ஐந்தையும் பிள்ளைகள் தாமே கேட்கக்கூடிய கேள்விகளாக மாற்றிவிடலாம் என்பதே அதற்குக் காரணம். இது எங்கே இருக்கிறது? எப்படிப்பட்ட இடம்? மனிதர்கள் இந்த நிலத்தை என்ன செய்தார்கள், நிலம் அவர்களை என்ன செய்தது? இங்கே எது வருகிறது, எது போகிறது? இது எதோடு சேர்த்தி?

இந்தக் கேள்விகளை ஆற்றங்கரையில் நின்று கேட்டால் விடைகள் கண்ணெதிரே கிடைக்கும். தமிழ்நாட்டில் அதற்குத் தாமிரபரணியைப் போல வாய்ப்பான ஆறு வேறில்லை. காவிரி, பாலாறு, தென்பெண்ணை மூன்றும் வெளிமாநிலத்தில் பிறந்து வருபவை. வைகை உள்ளூர் ஆறுதான். ஆனால் அதன் தண்ணீர் கடலைத் தொடும் ஆண்டுகள் குறைவு. தாமிரபரணியோ பொதிகை மலையில் தோன்றி, சுமார் 125 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவோடு கலந்துவிடுகிறது. மலை, காடு, வயல், நகரம், துறைமுகம், உப்பளம், கடல் என்று பாடப்புத்தகத்தின் பாதி இந்தத் தூரத்துக்குள் அடங்கிக் கிடக்கிறது.

கோவில்பட்டிப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் மாசி மாதத் தொடக்கத்தில் இந்த ஆற்றை மலையடிவாரத்திலிருந்து கழிமுகம் வரை பின்தொடர்ந்தார்கள். எல்லோரும் கரிசல் காட்டுப் பிள்ளைகள். ஐப்பசியும் கார்த்திகையும் கைவிட்டால் அவர்கள் ஊரில் அந்த வருஷம் வெள்ளாமை இல்லை. கோடையில் கரிசல் வெடித்து, ஆட்டுக்குட்டியின் கால் உள்ளே போகும் அளவுக்குப் பாளம் பாளமாகக் கிடக்கும். வருஷம் முழுக்க ஓடும் தண்ணீரை அவர்களில் பெரும்பாலோர் பார்த்ததில்லை.

உடன் சென்ற புவியியல் ஆசிரியர் ஒரே ஒரு விதி வைத்திருந்தார். பகலில் யாரும் கலைச்சொல் எதையும் சொல்லக் கூடாது. பார்ப்பது, கேட்பது, வரைவது, கையால் தொடுவது மட்டுமே பகல் வேலை. இரவில் தங்குமிடத்தில் உட்கார்ந்து, அன்று பார்த்தவற்றுக்குப் பெயர் வைக்க வேண்டும். இந்த வரிசை முக்கியமானது. சொல்லை முதலில் மனப்பாடம் செய்த பிள்ளை, சொல்லுக்குப் பொருந்துவதை மட்டும் தேடிவிட்டு மற்றதைக் கவனிக்காமல் விட்டுவிடும். பார்த்த பிறகு பெயர் கேட்கும் பிள்ளைக்கு அந்தப் பெயர் மறப்பதில்லை.

பாபநாசம்

ஆறு மலையை விட்டுச் சமவெளியில் இறங்கும் இடம் பாபநாசம். கோயிலுக்கு எதிரே படித்துறை. படித்துறைத் தண்ணீரில் பொரிக்காகக் கூட்டம் கூட்டமாக வரும் மீன்கள். தர்ப்பணம் கொடுக்க வந்தவர்கள் ஆற்றில் விட்ட துணிகள் பாறை இடுக்குகளில் சிக்கிக் கிடந்தன. அவற்றையும் மாணவர்கள் குறிப்பேட்டில் வரைந்து கொண்டார்கள். ஆறு எதையெல்லாம் சுமந்து போகிறது என்ற பட்டியலில் முதல் நாள் முதலாவதாக ஏறியது அந்தத் துணிதான்.

இந்திய நில அளவைத் துறையின் வரைபடத்தை ஒரு பாறையின் மேல் விரித்தார்கள். 2 சென்டிமீட்டர் 1 கிலோமீட்டரைக் குறிக்கும் தாள் அது. பழுப்பு நிறக் கோடு ஒவ்வொன்றும் ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கிறது. கோட்டுக்குக் கோடு 20 மீட்டர் உயர வேறுபாடு. பொதிகை உச்சியின் உயரம் 1,868 மீட்டர். அங்கிருந்து பாபநாசம் வரைக்கும் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, தாளே பழுப்பாகத் தெரிந்தது. பாபநாசத்துக்குக் கிழக்கே கோடுகளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. திருநெல்வேலி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 50 மீட்டர் உயரம்தான். அங்கிருந்து கடல் வரை ஆற்றைக் கடப்பவை இரண்டே கோடுகள். தலையை உயர்த்தி மலையைப் பார்ப்பதும் தாளில் கோடுகளைப் பார்ப்பதுமாகக் கொஞ்ச நேரம் போன பிறகு, மலை செங்குத்தாக இருந்தால் கோடுகள் நெருங்கும் என்பதை ஆசிரியர் சொல்லாமலே ஒரு மாணவி சொல்லிவிட்டாள்.

மலைக்கு அப்புறம் என்ன என்று அடுத்த கேள்வி வந்தது. பொதிகையின் மேற்குச் சரிவில் விழும் மழை நெய்யாறு வழியாக அரபிக்கடலுக்குப் போகிறது. கிழக்குச் சரிவில் விழுந்தால் தாமிரபரணியாகி வங்கக்கடல் பக்கம் வருகிறது. அந்த உச்சி தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தையும் வாங்குகிறது, வடகிழக்குப் பருவக்காற்றின் ஈரத்தையும் வாங்குகிறது. அதனால்தான் ஆற்றில் ஆண்டு முழுவதும் தண்ணீர். கோவில்பட்டிக்கு ஆனி, ஆடியில் காற்று மட்டும் வருகிறது, ஈரம் மலையிலேயே இறங்கிவிடுகிறது. தங்கள் ஊர் ஏன் காய்கிறது என்ற கேள்விக்கு விடை ஊரில் இல்லை, மேற்கே தெரியும் இந்த மலைவரிசையில் இருக்கிறது என்பது அந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய செய்தி. அன்று இரவு அவர்கள் கற்ற பெயர்கள் மூன்று: சம உயரக் கோடு, நீர்ப்பிரிமேடு, மழைமறைவுப் பிரதேசம்.

பாபநாசத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 1880களில் ஹார்வி நிறுவனத்தார் இங்கே விக்கிரமசிங்கபுரத்தில் பஞ்சாலை தொடங்கினார்கள். பருத்தி விளைவது கரிசலில். நூல் கப்பலேறுவது தூத்துக்குடியில். ஆலை மட்டும் ஏன் மலையடிவாரத்தில்? ஆறு விழும் வேகம் ஆலைக்கு விசை கொடுத்தது என்பதே காரணம். 1944இல் அதே சரிவில் நீர்மின் நிலையமும் வந்தது. தங்கள் தாத்தாக்களின் காட்டில் எடுத்த பருத்தி இங்கே வந்திருக்கக்கூடும் என்று ஒரு மாணவன் சொன்னபோது, வரைபடத்தில் கோவில்பட்டியிலிருந்து பாபநாசத்துக்கு ஒரு அம்புக்குறியும், பாபநாசத்திலிருந்து தூத்துக்குடிக்கு இன்னொன்றும் போடச் சொன்னார் ஆசிரியர். அம்புக்குறிகளுக்கு அப்போது பெயர் வைக்கவில்லை.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆற்றுப்படுகையிலிருந்து ஒரு கைப்பிடி கல்லோ மண்ணோ எடுத்துக் கண்ணாடிப் புட்டியில் போட்டு ஊர்ப் பெயர் எழுதி வைக்கும் வேலையும் பாபநாசத்தில் தொடங்கியது. முதல் புட்டியில் போட்டது கூரான முனைகள் கொண்ட கல்துண்டுகள். படுகையில் கிடந்த பாறைகளில் பல ஆளுயரம்.

அம்பாசமுத்திரம், திருப்புடைமருதூர்

இங்கிருந்து நிலம் பச்சை. பிசான நெல் கதிர் முற்றும் பருவம். வாய்க்காலுக்கு வாய்க்கால் வாழைத்தோப்பு. தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. ஸ்ரீவைகுண்டத்தில் உள்ள கடைசி ஒன்று தவிர மற்றவை வெள்ளையர் ஆட்சிக்கு முன்பே கட்டப்பட்டவை. ஒவ்வொன்றிலிருந்தும் கால்வாய் பிரிந்து, குளங்களை நிரப்பி, வயலுக்குப் போகிறது. கல்லிடைக்குறிச்சித் தெருவில் உளுந்து அப்பளம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. மத்தியானச் சாப்பாட்டில் தேங்காய்ப்பால் ஊற்றிச் செய்த சொதி. கம்பங்கூழும் மோர்மிளகாயும் பழகிய நாக்குகளுக்கு அது விருந்து. நெல்லும் தென்னையும் வாழையும் கிடைக்கும் ஊரில் சொதியும், கம்பும் சோளமும் கிடைக்கும் ஊரில் கூழும் பிறந்திருப்பதை இலையில் வைத்தே கற்பித்துவிடலாம்.

கடனா ஆறு தாமிரபரணியோடு சேரும் திருப்புடைமருதூரில் கோயிலைச் சுற்றியுள்ள பெரிய மரங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுகின்றன. ஊரார் அவற்றைத் தொந்தரவு செய்வதில்லை. 2005இல் இவ்விடம் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது.

பத்தமடை

இடத்தின் இயல்பு என்ற கருத்தை விளக்கப் பத்தமடைப் பாய் ஒன்றே போதும். இங்கே நெய்யும் கோரைப்பாய்க்குப் புவிசார் குறியீடு உண்டு. நயமான பாயைக் கைக்குட்டைபோல மடிக்கலாம்.

வீட்டின் முன்கட்டில் தரையோடு தரையாகத் தறி. பாவில் பருத்தி நூல். நெய்துகொண்டிருந்த பெண், ஊறவைத்துக் கீறி மயிரிழைபோல் ஆக்கிய கோரையை ஒவ்வொன்றாக நுழைத்து அச்சை இழுத்து அடித்தார். பார்க்க வந்த சிறுமி ஒருத்தி ஒரு கோரையை எடுத்து இறுக்கிப் பிடிக்க, "ஏ பிள்ள, அமுக்காத. ஈரம் காயாம நீவி விடணும், இல்லன்னா முறிஞ்சிரும்" என்றார். கோரை ஆற்றோரத்திலும் வாய்க்கால் கரையிலும் விளைகிறது. அறுத்து, காயவைத்து, ஓடும் தண்ணீரில் கல்லை வைத்து அமுக்கிப் பல நாள் ஊறப்போடுகிறார்கள். தேங்கிய தண்ணீரில் போட்டால் அழுகிவிடுமாம்.

பிள்ளைகள் கேட்ட கேள்விகளை ஆசிரியர் திருத்தவில்லை. வரிசைப்படுத்த மட்டும் செய்தார். கோரை ஆற்றங்கரை முழுக்க இருக்கிறதே, பாய் ஏன் இந்த ஊரில் மட்டும் இவ்வளவு பேர் பெற்றது? ஒரே தண்ணீர் ஓடும் பக்கத்து ஊரான காருகுறிச்சியில் ஏன் பானை வனைகிறார்கள்? தண்ணீரும் மண்ணும் வாய்ப்பைத்தான் கொடுக்கின்றன. வாய்ப்பைத் தொழிலாக்குவது ஊரில் வாழ்ந்த குடும்பங்கள், அவர்கள் தலைமுறையாகக் கைமாற்றிய பழக்கம். பத்தமடையில் அந்தப் பழக்கம் முஸ்லிம் குடும்பங்களின் கைகளில் வளர்ந்தது. கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரையே நெய்து தருகிறார்கள். ஓர் ஊரின் இயல்பு என்று எழுதும்போது தட்பவெப்பம், மண், நீர் ஆகியவற்றோடு நின்றுவிடுவது பள்ளிப் பாடங்களின் பழைய குறை. இந்தத் தறிக்கு முன்னால் அப்படி நின்றுவிட முடியவில்லை.

நெய்தவருக்குப் பிள்ளைகள் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் கொடுத்தார்கள். அவர் அதில் பாதியை உடைத்து, தறியின் மறுமுனையில் இருந்தவருக்குக் கொடுத்தார்.

திருநெல்வேலி

அமைவிடப் பாடம் திருநெல்வேலியில் உச்சி வெயிலில் நடந்தது. ஒரு மீட்டர் நீளமுள்ள குச்சியைச் சமதரையில் நிமிர்த்தி நட்டு, 12 மணியிலிருந்து சில நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் சுண்ணாம்பால் புள்ளி வைத்தார்கள். 12 மணிக்கு நிழல் மிகக் குட்டையாக இருக்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அது குறைந்துகொண்டே போய், 12:33 வாக்கில்தான் மிகக் குட்டையானது; பிறகு நீளத் தொடங்கியது.

இதற்குக் காரணம் இரண்டு. இந்தியாவின் பொது நேரம் 82½ பாகைக் கிழக்குத் தீர்க்கக்கோட்டை வைத்துக் கணக்கிடப்படுகிறது. திருநெல்வேலி இருப்பது 77.7 பாகையில். பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும், 4.8 பாகைக்கு 19 நிமிடம். மிச்சம் 14 நிமிடம், பூமி சூரியனைச் சுற்றும் பாதை முழு வட்டமாக இல்லாததாலும் அச்சு சாய்ந்திருப்பதாலும் மாசி மாதத்தில் சேரும் தாமதம். கடிகாரத்துக்கும் சூரியனுக்கும் உள்ள இந்த இடைவெளியிலிருந்து ஊரின் தீர்க்கரேகை கிடைத்துவிடுகிறது.

நிழலின் நீளத்திலிருந்து அட்சரேகை கிடைத்தது. மிகக் குட்டையான நிழல் 40 சென்டிமீட்டர். வடக்கு நோக்கி விழுந்தது. அதாவது சூரியன் உச்சியிலிருந்து தெற்கே ஏறக்குறைய 22 பாகை சாய்ந்திருக்கிறது. மாசித் தொடக்கத்தில் சூரியன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 13 பாகையில் நேர்மேலே நிற்கும். இரண்டையும் கழித்தால் ஒன்பதுக்குச் சற்றுக் குறைவு. திருநெல்வேலியின் அட்சரேகை 8.7 பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்கினால், நிலநடுக்கோடு இங்கிருந்து ஏறக்குறைய 970 கிலோமீட்டர் தெற்கே. ஒரு குச்சியும் சுண்ணாம்புக் கட்டியும் வைத்து உலக உருண்டையில் தங்களை ஓர் இடத்தில் பொருத்திக்கொண்ட பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தவர்கள், அட்சரேகை தீர்க்கரேகைப் பாடத்தை இனி நான்கு சுவருக்குள் நடத்த மனம் ஒப்பமாட்டார்கள். ஏப்ரல் 12 வாக்கில், சித்திரை பிறப்பதை ஒட்டி, இதே இடத்தில் நண்பகலில் குச்சிக்கு நிழலே இருக்காது. கோவில்பட்டி சற்று வடக்கே இருப்பதால் அங்கே அது ஓரிரு நாள் தள்ளி நடக்கும். அதைப் பள்ளி முற்றத்தில் பார்த்து எழுதுவது அடுத்த வீட்டுப்பாடம்.

ஆற்றின் ஒரு கரையில் திருநெல்வேலி, மறுகரையில் பாளையங்கோட்டை. இரண்டையும் இணைக்கும் பாலம் 1843இல் சுலோசன முதலியாரின் சொந்தச் செலவில் எழுந்தது. இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. பாலத்தின் ஓரமாக நின்று, அரை மணி நேரத்தில் கடந்து போன வண்டிகளையும் அவை ஏற்றிச் சென்ற பொருள்களையும் எழுதினார்கள். வாழைத்தார், சிமென்ட், பால், பள்ளிப் பிள்ளைகள். மாலையில் அல்வா. திருநெல்வேலிப் பக்கம் கோதுமை விளைவதில்லை என்பதை யாரோ சொல்ல, இலையில் இருந்த அல்வாவின் வழி தேடப்பட்டது. கோதுமை வடக்கே இருந்து வருகிறது. அல்வா செய்யும் வித்தையும் வடக்கே இருந்து வந்த குடும்பங்களோடு வந்தது என்று ஊரார் சொல்கிறார்கள். ருசி ஆற்றுத் தண்ணீரால் என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். அன்று இரவுதான், பாபநாசத்தில் போட்ட அம்புக்குறிகளுக்கு நகர்வு என்ற பெயர் கிடைத்தது. பொருள் நகர்கிறது, ஆள் நகர்கிறார், செய்முறையும் நகர்கிறது.

நகரத்துக் கழிவுநீர் ஆற்றில் கலக்கும் இடத்தையும் ஆசிரியர் காட்டாமல் விடவில்லை. பாபநாசத்தில் அடியில் கிடந்த கல் தெரிய ஓடிய தண்ணீர் இங்கே கறுத்து நுரைத்தது. இரண்டு ஊர்த் தண்ணீரையும் ஒப்பிட்டுப் பார்த்த பிள்ளைகள் சிறிது நேரம் பேசவில்லை. மனிதருக்கும் சூழலுக்குமான உறவு என்ற பாடத்தில் அணைக்கட்டும் கால்வாயும் சொல்லப்படும் அளவுக்கு இதுவும் சொல்லப்பட வேண்டும்.

சீவலப்பேரி

குற்றாலத்திலிருந்து வரும் சிற்றாறு தாமிரபரணியோடு கலக்குமிடம் சீவலப்பேரி. நீண்ட மணல் திட்டு, நாணல், எருமைகள். இங்கிருந்துதான் கோவில்பட்டி நகருக்குக் குடிநீர் போகிறது. ஆற்றுமணலுக்குள் இறங்கி நிற்கும் நீரேற்றுக் கிணற்றைக் காட்டி, இந்தக் குழாய் எங்கே போகிறது என்று ஆசிரியர் கேட்டார். பதில் வராததால், அங்கே வேலையில் இருந்தவரைக் கேட்கச் சொன்னார். "எங்கயா? உங்க ஊருக்குத்தான் தம்பி" என்றார் அவர்.

பயணத்தின் உச்சம் இந்த இடம். வருஷம் முழுக்க ஓடும் தண்ணீரைப் பார்த்தறியாத பிள்ளைகள், பிறந்ததிலிருந்து அதே தண்ணீரைக் குடித்து வந்திருக்கிறார்கள். மழைநீர் வடியும் பாதைப்படி பார்த்தால் கோவில்பட்டி இந்த ஆற்றைச் சேர்ந்த ஊரே அல்ல. அங்கே விழும் மழை வேறு ஓடைகள் வழியே வேறு பக்கம் போய்விடும். ஆனால் குடிக்கும் தண்ணீர்ப்படி அது தாமிரபரணி ஊர். பையில் மிச்சமிருந்த கடலைமிட்டாயையும் இந்தக் கண்ணோடு பார்த்தார்கள். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த மிட்டாய்க்கு வெல்லம் தேனிப் பக்கத்திலிருந்து வருகிறது. பாகு காய்ச்சும் தண்ணீர் இந்தக் குழாயில் வருகிறது. கோவில்பட்டி மிட்டாய் என்று பெயர் சொல்லி விற்கும் பொருளுக்குள் இத்தனை ஊர்கள்.

சீவலப்பேரிப் புட்டியில் விழுந்தது மணல். சீனியைவிடச் சற்றுப் பெரிய பருக்கைகள்.

ஆதிச்சநல்லூர், ஸ்ரீவைகுண்டம்

ஆற்றின் தென்கரையில் ஆதிச்சநல்லூர்ப் பரம்பு மேடாக, சரளைக்கல்லாகக் கிடக்கிறது. 114 ஏக்கர் பரப்புள்ள புதைமேடு. 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மானியரும், 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீயும் இங்கே தோண்டினார்கள். தோண்டிய குழிகளில் முதுமக்கள் தாழிகள் இருந்தபடியே இருக்க, மேலே கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். பக்கத்து ஊரான சிவகளையில் தாழிக்குள் நெல்லும் கிடைத்திருக்கிறது. கண்ணாடியின் மேல் நின்றவர்களிடம் ஆசிரியர் கேட்டது ஒரே கேள்வி: செத்தவர்களை ஏன் இந்த மேட்டில் புதைத்தார்கள்? பிள்ளைகள் சுற்றிப் பார்த்தார்கள். மேட்டுக்குக் கீழே கண்ணுக்கெட்டிய வரை வயல். மேட்டில் தண்ணீர் ஏறாது, நெல் விளையாது. விடை அந்த ஒரு பார்வையில் இருந்தது.

ஸ்ரீவைகுண்டத்திலும் ஏரலிலும் 2023 டிசம்பர் வெள்ளத்தின் பேச்சு இன்னும் ஓயவில்லை. அந்த மாதம் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அது இந்தப் பகுதியில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் சராசரியைவிட அதிகம். ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகள் தண்ணீருக்கு நடுவே சிக்கிக் கிடந்தார்கள். தன் வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற உயரத்தைக் காட்டிய ஏரல் கடைக்காரம்மாவின் கை, அங்கிருந்த மாணவர்களின் தலைக்கு மேலே போனது. சுவரில் அந்தக் கறை எத்தனை அடி உயரம் என்று அளந்து, வரைபடத்தில் கடை இருக்கும் இடத்தின் உயரத்தோடு கூட்டிப் பார்த்தார்கள். ஆற்றுக்கும் ஊருக்கும் உயர வேறுபாடு எவ்வளவு குறைவு என்பது அந்தக் கணக்கில் தெரிந்தது.

ஏரலுக்கு வருமுன்னே வரைபடத்தின் ஒரு தாள் முடிந்து அடுத்த தாள் தொடங்குகிறது. 78 பாகைத் தீர்க்கரேகை இந்த இடத்தில் ஆற்றைக் கடக்கிறது. ஆனால் சாலையிலும் வயலிலும் அப்படி ஒரு கோடும் கிடையாது.

கொற்கை

பாண்டியர்களின் முத்துத் துறைமுகமாக இருந்த கொற்கையில் இன்றைக்குக் கடல் இல்லை. வாழைத்தோட்டம், குளம், பழைய வன்னி மரம், சிறிய கோயில்கள். கடலுக்குப் போக வேண்டுமானால் இன்னும் ஆறேழு கிலோமீட்டர் கிழக்கே நடக்க வேண்டும். கிரேக்கப் பயணக் குறிப்புகளில் முத்தெடுக்கும் ஊராக வந்த இடம் இது. 1968-69இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை தோண்டியபோது முத்துச்சிப்பி ஓடுகள் கிடைத்தன. கிணறு வெட்டினால் இன்றைக்கும் சங்கும் சிப்பியும் வருகின்றன என்று ஒரு பெரியவர் சொன்னார். வீட்டுத் திண்ணையில் இருந்த ஒரு சங்கையும் எடுத்து வந்து காட்டினார்.

கடல் எங்கே போயிற்று? இதற்கு விடை சொல்லத்தான் புட்டிகள் சுமந்து வரப்பட்டன. கொற்கை நிலத்தில் எடுத்த மண்ணோடு எல்லாவற்றையும் வரிசையாக வைத்தார்கள். பாபநாசத்தில் கூரான கல், அம்பாசமுத்திரத்தில் உருண்டைக் கூழாங்கல், திருநெல்வேலியில் பெருமணல், சீவலப்பேரியில் மணல், இங்கே விரலில் ஒட்டும் வண்டல். ஒரு பெரிய புட்டியில் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்தார் ஆசிரியர். கல் உடனே கீழே போனது, மணல் அடுத்து, வண்டல் நெடுநேரம் கலங்கியே இருந்தது. ஆற்றின் வேகம் குறையக் குறைய முதலில் கனமானது நிற்கும், கடைசியில் லேசானது நிற்கும். கடலைத் தொடும் இடத்தில் வேகம் அடங்கி, வண்டல் படிந்து, கரை கிழக்கே நகர்ந்திருக்கிறது. பொதிகையின் கல்தான் தேய்ந்து தேய்ந்து கொற்கையின் வாழைத்தோட்டம் ஆகியிருக்கிறது.

கரை நகர்ந்தபோது துறைமுகமும் கூடவே போனது. கொற்கைக்குப் பிறகு பழையகாயல். 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ காயல் என்று எழுதிய துறை இதுதான் என்று கால்டுவெல் ஆராய்ந்து சொன்னார். அதன் பிறகு போர்த்துகீசியர் காலத்தில் புன்னைக்காயல்; கடைசியில், ஆற்று வாயிலிருந்து விலகி வடக்கே, தூத்துக்குடி. நான்கு ஊர்களையும் வரைபடத்தில் புள்ளி வைத்து இணைத்த பிள்ளைகளின் கோடு, ஆறு போட்ட நிலத்தின் வரலாறாக இருந்தது. இப்போது மலையில் அணைகள் வண்டலைத் தடுத்து நிறுத்துகின்றன. படுகையிலும் மணல் அள்ளப்பட்டிருக்கிறது. அப்படியானால் இனிக் கரை எந்தப் பக்கம் நகரும் என்று ஒரு மாணவன் கேட்டான். அந்தக் கேள்வியை எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

பழையகாயல், புன்னைக்காயல்

ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களைத் தாண்டினால் மண் வெளுக்கிறது. இரண்டு பக்கமும் உப்பளப் பாத்திகள். மழை குறைந்த கரை, தட்டையான நிலம், உலர்ந்த காற்று, நல்ல வெயில் என உப்புக்கு வேண்டியதெல்லாம் இங்கே இருக்கிறது. கரிசலில் வெள்ளாமையைக் கெடுக்கும் அதே வறட்சி இங்கே கூலி கொடுக்கிறது. ஆனால் அந்தக் கூலிக்காக வாருபலகையோடு நிற்கும் பெண்களின் கால்கள் உப்பில் வெடித்திருந்தன. வெயில் ஏறுமுன் வேலை முடிக்க விடியற்காலையிலேயே வந்துவிடுவதாகச் சொன்னார்கள்.

புன்னைக்காயலில் ஆறு கிளை கிளையாகப் பிரிந்து அலையாத்திப் புதர்களுக்கு நடுவே கடலுக்குள் போகிறது. மத்தியானம் ஒரு மீனவர் வீட்டில் மீன்குழம்பும் சோறும். கடலில் முத்துச்சிப்பிப் பார் இருக்கும் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று மாணவர்கள் கேட்டார்கள். மீனவர் எழுந்து வாசலுக்கு வந்து கையை நீட்டினார். கரையில் தெரியும் இரண்டு அடையாளங்கள், அதாவது ஒரு கோயில் கோபுரமும் ஒரு பனையும், ஒரே நேர்கோட்டில் வருமாறு வள்ளத்தைப் பிடிக்க வேண்டும். இன்னொரு பக்கம் வேதக்கோயில் கோபுரமும் வேறொரு மரமும் அதேபோல் வர வேண்டும். இரண்டு கோடும் சேரும் இடத்தில் பார். "இப்ப ஜிபிஎஸ் இருக்கு தம்பி. ஆனா சார்ஜ் போச்சுன்னா இதுதான்" என்றார். திருநெல்வேலியில் குச்சி நிழலால் கண்ட அமைவிடத்தை இவர் கோபுரத்தாலும் பனையாலும் காண்கிறார். ஒன்று முழு அமைவிடம், மற்றது சார்பு அமைவிடம். இரண்டு சொற்களும் அன்று இரவு ஏட்டில் ஏறின. காற்றுக்கும் அவரிடம் பெயர்கள் இருந்தன: வாடை, கொண்டல், கச்சான், சோழகம். நான்கும் நான்கு திசை.

வட்டாரம் என்ற கருத்து கடைசிக்கு வைக்கப்பட்டிருந்தது. மற்ற நான்கையும் அறியாமல் இதை அறிய முடியாது என்பதால். ஒரே அடித்தாளின் மேல் வைத்துப் பார்க்கக்கூடிய மெல்லிய தாள்கள் கொடுக்கப்பட்டன. முதல் தாளில் மாவட்ட எல்லை. 1986 வரை மலையும் கழிமுகமும் ஒரே திருநெல்வேலி மாவட்டம். அந்த ஆண்டு தூத்துக்குடி பிரிந்தபோது ஆறு இரண்டு மாவட்டத்துக்கு ஆனது. இரண்டாம் தாளில் ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதி. மூன்றாம் தாளில் மண்: மேற்கே செம்மண், ஆற்றோரம் வண்டல், வடக்கே கரிசல், கடலோரம் மணல். நான்காம் தாளில் ஆற்றுத் தண்ணீர் குழாய் வழியே போகும் ஊர்கள்.

ஐந்தாவது தாளை மீனவர் வரைந்தார். வேம்பாறு, வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு என ஏழு கடற்துறைகளைக் கரையோரமாகப் புள்ளி வைத்துக் காட்டினார். பெண் கொடுத்து எடுப்பதும், திருவிழாவும், பழைய முத்துக்குளிப்பும் இந்த ஏழுக்குள்தான் என்றார். அந்த வட்டாரம் உள்நாட்டுப் பக்கம் ஒரு மைல்கூட வரவில்லை. கடல் பக்கம் எவ்வளவு தூரம் என்று கேட்டதற்கு, மீன் இருக்கும் வரைக்கும் என்றார்.

ஐந்து தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெயிலில் பிடித்தபோது எந்த இரண்டு எல்லையும் ஒன்றாக விழவில்லை. கோவில்பட்டி முதல் தாளில் கழிமுகத்தோடு ஒரே மாவட்டம், இரண்டாம் தாளில் வெளியே, மூன்றாம் தாளில் கரிசலுக்குள், நான்காம் தாளில் ஆற்றுக்குள், ஐந்தாம் தாளில் இல்லவே இல்லை. எது சரி என்று ஒரு மாணவி கேட்டாள். எல்லாம் சரி, எதை வைத்து வரைந்தாய் என்பதைத் தாளின் மூலையில் எழுதியிருந்தால், என்றார் ஆசிரியர். மதிப்பெண்ணும் அந்த மூலைக்குத்தான். தூத்துக்குடி வழியாக வடக்கே திரும்பும்போது ஒவ்வொரு மாணவரும் ஆறாவதாக ஒரு தாள் வரைய வேண்டியிருந்தது: தம் ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மதகு வழியே எந்தெந்த வயலுக்குப் போகிறது, மறுகால் பாய்ந்தால் அடுத்து எந்தக் கண்மாய்.